ரெண்டு தட்டு வா, ஒரு தட்டு நில்

பிப்ரவரி 11

மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா போனில் பேசச் சொன்னாள். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். வேறு பாசம் ஒன்றும் இல்லை.

நலமா என்று கேட்கப்போவதில்லை. கம்பெனி லாரி, ஏசி போட்ட கேபின், மாதம் பிறந்தால் சம்பளம். நலமாகத்தான் இருப்பாய்.

எனக்கு ஒரு விவரம் வேண்டும். என் ஹெவி லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது. மீசை முளைக்கும் முன் என் லாரியில் கிளீனராக ஏறி, மீசை நரைக்கும்வரை இடது சீட்டில் உட்கார்ந்திருந்தவன், ஒருநாள் இறங்கிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு வேறு இரண்டு பேரை வைத்துப் பார்த்தேன். ஒருவன் ஏறியதும் தூங்கினான். இன்னொருவன் இறங்கச் சொன்னால் முறைத்தான். இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினேன். ஓடாத வண்டிக்கு லைசென்ஸ் எதற்கு என்று புதுப்பிக்கவும் போகவில்லை.

இப்போது லைசென்ஸ் ஆபீசில் போய்க் கேட்டால், கவுன்டரில் இருந்த பெண், "ரொம்ப காலம் விட்டுட்டீங்க ஐயா. இனிமே புதுசா எடுக்கறவங்க மாதிரி முதல்லேர்ந்து வரணும்" என்கிறாள். நான் ஸ்டியரிங் பிடித்தபோது அவளுடைய அப்பன் பால்குடி. எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கல்குவாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன், டிரைவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் வண்டியை நகர்த்தி நகர்த்திக் கற்றுக்கொண்டேன். இந்த எழுத்தும் அப்படித்தான். முன்னால் போகிற லாரிகளின் முதுகைப் படித்துப் படித்து வந்தது. முதலிலிருந்து வா என்றால், நான் எந்த முதலுக்குப் போவது?

ஆனாலும் எடுத்தாக வேண்டும். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள உன் அக்கா மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது ஒரு ஒப்பந்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மழை தொடங்குவதற்குள் லைசென்ஸ் கைக்கு வந்தால் வண்டி ஓடும். வராவிட்டால் அதைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டு, நானும் மகள் வீட்டு ஹாலில் டிவிக்கு எதிரே போய் உட்கார வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னதை மாற்றும் பழக்கம் எனக்கு இல்லை.

நீ என் முதுகுக்குப் பின்னால் போய் இதே லைசென்ஸை எடுத்தவன். என்னென்ன கேட்கிறார்கள் என்று வரிசையாக எழுது. ஏன் எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. அதை எழுதவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்


பிப்ரவரி 23

அன்புள்ள மாமாவுக்கு,

குறுக்கே பேச முடியாது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கும்போதே பல இடத்தில் சத்தமாகக் குறுக்கே பேசினேன். கேட்க ஆள்தான் இல்லை. கம்பெனி லாரியில் கிளீனர் கிடையாது.

நீங்கள் கேட்ட விவரம். முதலில் டாக்டர் சான்றிதழ். கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். டாக்டரோடு சண்டை போடாதீர்கள், அழுத்தம் ஏறிவிடும். அடுத்தது கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சாலை விதிக் கேள்விகளுக்கு விடையைத் தொட வேண்டும். தேறினால் பழகுநர் உரிமம். அதை வைத்துக்கொண்டு ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஓட்டி, அவர்கள் கொடுக்கும் சான்றிதழை வாங்க வேண்டும். பிறகு ஆபீஸ் மைதானத்தில் டெஸ்ட். மேட்டில் நிறுத்தி எடுக்க வேண்டும், வளைவில் திருப்ப வேண்டும், கடைசியில் கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸ்.

இந்த ரிவர்ஸ்தான் விஷயம் மாமா. நான் பின்னால் போய் நின்று வண்டியின் பின்பலகையைத் தட்டினால்தான் உங்கள் வண்டி பின்னால் வரும். ரெண்டு தட்டு வா, ஒரு தட்டு நில். டெஸ்டில் அதற்கெல்லாம் ஆள் கிடையாது. இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்க்கிறீர்களா என்றுதான் இன்ஸ்பெக்டர் கவனிப்பார். நம் வண்டியின் இடது கண்ணாடி என்னவாக இருந்தது என்பதை உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

ஏசி கேபின் என்று எழுதியிருந்தீர்கள். ஆமாம், இருக்கிறது. கண்ணாடியை இறக்கக் கூடாது. கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். ரிவர்ஸ் எடுத்தால் வண்டியே பீப் பீப் என்று கத்துகிறது. போன வாரம் முழுக்க நான் பேசியது கிடங்கு வாசலில் வண்டி எண்ணைச் சொன்னது மட்டும்தான்.

தங்கள்,
மாப்பிள்ளை


மார்ச் 17

மாப்பிள்ளைக்கு,

டாக்டரோடு நான் சண்டை போடவில்லை. அவர்தான் போட்டார். புள்ளிப் படத்தைக் காட்டி எண்ணைக் கேட்டார். "சாலையில யாரும் சிவப்பு விளக்கைப் புள்ளி புள்ளியா ஒளிச்சு வைக்கிறதில்லை டாக்டர்" என்றேன். "எண்ணைச் சொல்லுங்க பெரியவரே" என்றார். சொன்னேன். சரியாகத்தான் இருந்தது. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

கம்ப்யூட்டர் பரீட்சையிலும் தேறிவிட்டேன். என்னைச் சுற்றி எல்லாம் மீசை அரும்பாத பிள்ளைகள். பக்கத்தில் இருந்தவன் காதோரம், "தாத்தா, மவுஸை இப்படிப் பிடிங்க" என்றான். "கியரையே பிடிச்சவன்டா நான்" என்றேன். ஆனால் அவன் சொன்னபடிதான் பிடித்தேன்.

ஒரே ஒரு கேள்வி தவறாகிவிட்டது. வாகனத்தைப் பின்னோக்கிச் செலுத்தும்போது ஓட்டுநர் முதன்மையாக எதை நம்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கண்ணாடி, ஹாரன், உதவியாளர் என்று விடைகள். நான் உதவியாளர் என்பதைத் தொட்டேன். திரை சிவப்பாகிவிட்டது. சரி, அதுவும் ஒரு பாடம். நானும் ஒரு காலத்தில் அதை நம்பினேன்.

இடது கண்ணாடி என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியும். நீ தலை வாருவதற்காக உன் மூஞ்சிக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தாய். கட்டுக்கம்பி போட்டு வேறு முறுக்கியிருந்தாய். தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். இன்னும் அப்படியே இருக்கிறது.

வீட்டில் சத்தமில்லை. காலையில் வண்டியின் என்ஜினைப் போட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துகிறேன். பேட்டரிக்கு நல்லது. எனக்கும் காதில் ஏதாவது விழ வேண்டும் அல்லவா.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்


ஏப்ரல் 1

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் எழுத வேண்டாம் என்றதை எழுதப்போகிறேன். இங்கே நீங்கள் குறுக்கே பேச முடியாது.

சிமென்ட் லோடு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போனோமே, நினைவிருக்கிறதா? மதியம், கொட்டுகிற மழை. உங்களுக்கு முதல் நாளிலிருந்தே காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டினீர்கள். பாதி மலையில், வளைவுக்குச் சற்று முன்னால் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துப் படுத்துவிட்டீர்கள். கூப்பிட்டேன், எழவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். ஒருவன் இறங்கி வந்து, "உனக்கு ஓட்டத் தெரியாதா? இத்தனை காலம் வண்டியில உட்கார்ந்து என்ன பண்ணினே?" என்று கேட்டான். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, உங்கள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி மலைக்குக் கீழேதான் இருந்தது. என் கை ஸ்டியரிங்குக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எட்டி என்ன?

அதனால்தான் எடுத்தேன். உங்கள் இடத்தைப் பிடிக்க இல்லை. உங்களுக்கு முடியாத அன்றைக்கு நீங்கள் படுத்துத் தூங்க வேண்டும் என்று. கையில் வாங்கிவிட்டு, உங்களுக்குக் காட்டி ஆச்சரியப்படுத்தலாம் என்று பையில் வைத்திருந்தேன். நீங்கள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர்தான்" என்று சொல்லி, பையைத் தூக்கி வெளியே போட்டீர்கள். பெட்ரோல் பங்கில் எல்லோரும் பார்த்தார்கள்.

அந்தப் பையின் ஜிப் இன்னும் உடைந்தேதான் இருக்கிறது. மாற்றவில்லை.

தங்கள்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 26

மாப்பிள்ளைக்கு,

தூங்க வேண்டும் என்று நான் உன்னிடம் கேட்டேனா? அன்று மழை விட்டதும் எழுந்து நான்தானே வண்டியை இறக்கினேன்? லோடு நனைந்ததா? நீ சொல்லாமல் செய்தாய். நல்லதைச் செய்கிறவன் சொல்லிவிட்டுச் செய்வான். அவ்வளவுதான் என் பேச்சு. இதில் மாற்றம் இல்லை.

டிரைவிங் ஸ்கூல் சான்றிதழ் வாங்கிவிட்டேன். அங்கே சொல்லித்தருகிறவனுக்கு விசில் என்று பெயர். எதற்கும் வாயால் பேச மாட்டான், ஊதுவான். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று ஊதிக்கொண்டே இருந்தான். அதனால் பழகும்போது எனக்கு ஒரு சிரமமும் தெரியவில்லை.

டெஸ்ட் போன வியாழக்கிழமை நடந்தது. மேட்டில் ஒரு விரல் அளவுகூட வண்டி பின்னால் உருளவில்லை. வளைவில் இன்ஸ்பெக்டரே, "பழைய கை போல இருக்கே" என்றார். அவர் இடது சீட்டில், நீ உட்காருகிற இடத்தில், அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். ரிவர்ஸ் சொன்னார். கியர் போட்டேன். வண்டி நின்றது. அவ்வளவுதான்.

கிளட்ச் சரியில்லாத ஸ்கூல் வண்டி அது. வெயில் வேறு.

"என்ன பெரியவரே, எடுங்க" என்றார்.

"எடுக்கிறேன் சார்."

"கியர் போட்டுட்டீங்களே, அப்புறம் யாருக்காக வெயிட் பண்றீங்க?"

அவர் அட்டையில் ஏதோ எழுதினார். "அடுத்த தடவை வாங்க" என்றார். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் இரக்கத்தோடு பார்த்தார்கள். சிரித்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

இதை உன் அக்காவிடம் சொல்லாதே. கிளட்ச்தான் காரணம்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்


மே 6

அன்புள்ள மாமாவுக்கு,

கிளட்ச் இல்லை. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

நான் முதல் தடவையே தேறினேன் என்றுதானே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? இல்லை. முதல் தடவை பெயில். எதற்கு என்று அக்காவுக்குக்கூடத் தெரியாது. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். இன்ஸ்பெக்டர் "ரிவர்ஸ் எடுப்பா" என்றார். அந்தச் சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கதவைத் திறந்து, குதித்து, பின்னால் ஓடிவிட்டேன். ஓடிப்போய் நின்று பலகையில் இரண்டு தட்டும் தட்டிவிட்டேன். வண்டி வரவில்லை. ஏன் வரவில்லை என்று எட்டிப் பார்த்தால், டிரைவர் சீட் காலி. இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யாருப்பா உனக்கு வண்டியை எடுக்கணும், நானா?" என்றார்.

மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று நம் வண்டியில் ஏறியதும் உங்களிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. நீங்கள் சிரிக்கிற ஆள்தான், யாரும் பார்க்காதபோது. ஆனால் உங்களுக்குத் தெரியாமல் போன காரியம். எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். "என்னடா, பல்வலியா?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் சீட்டில் உட்கார்ந்து காத்திருந்தீர்கள். நான் பின்னால் நின்று காத்திருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

தங்கள்,
மாப்பிள்ளை


மே 28

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். சிரித்தேனா என்பது உனக்குத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பழைய இரும்புக்காரர் வந்திருந்தார். உன் அக்கா அனுப்பிவைத்திருக்கிறாள். தார்ப்பாயை விலக்கி, டேப்பை நீட்டி அளந்தார். இறந்தவரைக் கிடத்தி அளப்பது போல இருந்தது. என்ஜினைப் போட்டுக் காட்டினேன். ஒரே திருகில் எடுத்துக்கொண்டது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் எடையைத்தான் பார்ப்பேன்" என்றார். கேபினுக்குள் எட்டிப் பார்த்து, "இந்தச் சீப்பு யாரோடது?" என்று டாஷ்போர்டிலிருந்து எடுத்தார். வைக்கச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

மேகம் கூட ஆரம்பித்துவிட்டது. அடுத்த டெஸ்ட் ஜூன் 12, காலை. மைதானத்துக்கு வேலிதான் போட்டிருக்கிறார்கள், மதில் இல்லை. வெளியே நின்றால் உள்ளே நடப்பது எல்லாம் தெரியும். இதை உனக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை. சும்மா எழுதினேன்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்


ஜூன் 5

அன்புள்ள மாமாவுக்கு,

சும்மா எழுதியதைச் சும்மா படிக்கத் தெரியாதவன் நான் என்று உங்களுக்குத் தெரியும்.

வர முடியாது மாமா. பன்னிரண்டாம் தேதி எனக்கு லோடு போட்டுவிட்டார்கள். மேலாளரிடம் கேட்டுப் பார்த்தேன். "மாமாவுக்கு டெஸ்ட்டா? மகனுக்குன்னு சொன்னாக்கூட நம்பியிருப்பேன்" என்றார். லீவு கிடைத்திருந்தாலும் வந்திருக்க மாட்டேன். வந்தால் வேலிக்கு வெளியே என் கை சும்மா இருக்காது. எதையாவது தட்டிவிடுவேன். நீங்களும் எடுத்துவிடுவீர்கள். அதோடு உங்கள் லைசென்ஸ் போய்விடும்.

நான் சொல்வதைக் கேளுங்கள். ஏறி உட்கார்ந்ததும் இடது கண்ணாடியைத் திருப்பி வையுங்கள். யாரிடமும் கேட்காமல் நீங்களே திருப்புங்கள். பின்சக்கரமும் வெள்ளைக் கோடும் அதில் தெரிய வேண்டும். கோட்டை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். எதற்கும் காத்திருக்காதீர்கள். யாரும் வர மாட்டார்கள்.

கம்பெனியில் அடுத்த ஆண்டு பிறக்கும்வரை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வரலாமா என்று கேட்கிறேன். கிளீனராக வரச் சொன்னால் வருவேன். ஆனால் என் லைசென்ஸைக் கிழித்துப் போட்டுவிட்டு வர மாட்டேன். நானும் கொஞ்சம் பிடிவாதக்காரன்தான். உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து வளர்ந்தவன்.

தங்கள்,
மாப்பிள்ளை


ஜூன் 21

மாப்பிள்ளைக்கு,

லைசென்ஸ் வந்துவிட்டது. போட்டோவில் என் மூஞ்சி திருடன் மாதிரி இருக்கிறது. பழைய இரும்புக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன் அக்காவுக்கும் சொல்லிவிட்டேன். "அப்போ நீங்க இங்க வர மாட்டீங்க" என்றாள். மகிழ்ந்து சொன்னாளா, வருந்திச் சொன்னாளா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

டெஸ்ட் அன்று அதே இன்ஸ்பெக்டர். என்னைப் பார்த்ததும், "இன்னிக்காவது அவர் வந்துட்டாரா?" என்றார். "வர மாட்டார் சார்" என்றேன். கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டேன். ரிவர்ஸ் போட்டேன். கண்ணாடியில் கம்பம் தெரிந்தது, கோடு தெரிந்தது, பின்சக்கரம் தெரிந்தது. நீ தெரியவில்லை. நீ இல்லை என்பதை அவ்வளவு தெளிவாக நான் எங்கேயும் பார்த்ததில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி பின்னால் போனது. ஒரு கம்பமும் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் இறங்கும்போது, "இதுக்குத்தானா அன்னிக்கு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்க?" என்றார்.

நீ கேட்டதற்குப் பதில். ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர்தான். அன்றும் அதுதான் சொன்னேன், இன்றும் அதுதான். அடுத்த ஆண்டும் அதுதான். வண்டியை ஓட்டுவது நான். ஆனால் மலைப்பாதையில், ஏற்றம் முடிந்து இறங்கும்போது, வயசானவன், கண்ணை மூடிவிட வாய்ப்பு உண்டு. கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது எவன் ஓட்டுகிறான் என்று நான் எப்படிப் பார்க்க முடியும்? உன் லைசென்ஸை நீ எந்தப் பையில் வைத்திருக்கிறாய் என்பதும் எனக்குத் தேவையில்லாத விஷயம். அந்தப் பைக்கு ஒரு ஜிப் மட்டும் போட்டுக்கொள். பார்க்க நன்றாக இல்லை.

இடது கண்ணாடி இனி உனக்குக் கிடையாது. அது எனக்கு வேண்டும். உன் கட்டுக்கம்பியை அறுத்துவிட்டேன். சலூன்காரரிடம் கைக்கண்ணாடி ஒன்று வாங்கி உன் கதவின் உள்பக்கம் திருகிவைத்திருக்கிறேன். சின்னதுதான். உனக்கு இருக்கிற முடிக்கு அது போதும்.

நேற்று முதல் லோடு. டைல்ஸ். மழையும் தொடங்கிவிட்டது. வழியெல்லாம் இடது சீட்டுக்கு எதிரே உன் சீப்பு ஒன்றுதான் ஆடிக்கொண்டு வந்தது. வளைவு வரும்போது இரண்டொரு தடவை, "பார்த்துச் சொல்லுடா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பிறகு நானே பார்த்துக்கொண்டேன்.

கிடங்கு குறுகல். கண்ணாடியைப் பார்த்துத்தான் ரிவர்ஸ் எடுத்தேன். லோடு இறக்கும் மேடைக்கு நேராக, ஒரு கை இடைவெளியில் வண்டி போய் நின்றது. என்ஜினை நிறுத்தினேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வண்டி நின்றுவிட்டது என்று கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை.

அப்புறம் இறங்கினேன். நனைந்துகொண்டே பின்னால் சுற்றிப் போய், நீ வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, பலகையில் ஒரு தட்டு தட்டினேன்.

கிடங்குக்காரர் குடையோடு வந்து, "வண்டிதான் நின்னுடுச்சே, இப்ப எதுக்குத் தட்டறீங்க?" என்று கேட்டார்.

அவருக்கு என்ன தெரியும்.

மாமா